வலியின்றி வரும் ஈறு நோய்

ஆரணி நகரிலும் அதனைச் சூழ்ந்த ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும் பட்டு நெசவே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறளிக்கும் தொழில் என்பது யாவரும் அறிந்ததே. வட்டார வளர்ச்சிப் பணியின் நிமித்தம் அத்தெருக்களுக்கு நாம் செல்லும்போது வீடு, தறிக்கூடம், குடிநீர், கூலி, பட்டு விலை ஆகியவற்றைக் குறித்தே மக்கள் பேசுகின்றனர். அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும், பேசும் வாய்களைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோர்க்கு, எவரும் விண்ணப்பத்தில் எழுதாத வேறொரு குறையும் புலப்படும். நாற்பதைத் தாண்டிய பலருக்கு முன்பற்கள் நீண்டு, இடைவெளி விட்டு, வேர் வெளித்தெரிய நிற்கின்றன. சிலருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லவே இல்லை. காரணம் கேட்டால், “தானாக ஆடிற்று, விழுந்துவிட்டது” என்கிறார்கள். விழுந்த பல்லைப் பார்த்தால் அதில் சொத்தை இராது, அடிபட்ட அடையாளமும் இராது. முழுப் பல் அப்படியே கையோடு வந்திருக்கும்.

வயதானால் பல் விழும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். தலை நரைப்பதுபோல இதுவும் இயற்கை என்று கருதி யாரும் வைத்தியரிடம் செல்வதில்லை. ஆனால் முதுமை மட்டும் எந்தப் பல்லையும் வீழ்த்துவதில்லை, நோயே வீழ்த்துகிறது. அந்நோய்க்கு நம் மக்கள் வழக்கில் ‘பயோரியா’ என்று பெயர். மருத்துவர்கள் அதனை இரண்டு படிகளாகப் பிரிக்கின்றனர். ஈறு மட்டும் சிவந்து வீங்கி இரத்தம் கசிவது முதற்படி. இது ஈறு அழற்சி. பல்லைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்குவது இரண்டாம் படி. முதற்படியில் உள்ளவர் முற்றிலும் குணமடையலாம். இரண்டாம் படிக்குச் சென்றவர் நோயை நிறுத்தலாமே தவிர, கரைந்த எலும்பைப் பெரும்பாலும் திரும்பப் பெற இயலாது. ஆகவே இந்த இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள வேற்றுமையை அறிந்துகொள்வதே இந்நோயைப் பற்றிய அறிவில் முதன்மையானது.

பல் எவ்வாறு நிற்கிறது?

குழித்தறியை அறிந்தோர்க்கு இதை விளக்குவது எளிது. தறியின் கால்கள் தரையில் ஆழ நடப்பட்டுள்ளன. மரம் எவ்வளவு உறுதியானதாயினும், அதைச் சுற்றியுள்ள மண் இளகிவிட்டால் கால் ஆடும். மண் முழுதும் அரித்துப்போனால் சாயும். மரத்தில் குறையில்லை, மண்ணிலேதான் குறை. பல்லும் அவ்வாறே. தாடை எலும்பின் குழியில் வேர் ஊன்றி நிற்க, மெல்லிய நார்கள் வேரையும் எலும்பையும் பிணைக்கின்றன. மேலே ஈறு அதனைச் சுற்றி மூடிக் காக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சிறு பள்ளம் ஒன்று உண்டு. நலமான வாயில் அதன் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாது. ஈறு நோய் என்பது இப்பள்ளம் ஆழமாகிப் பையாக மாறும் கதையே ஆகும்.

நாம் உண்ட சில மணி நேரத்திலேயே பல்லின்மீது கண்ணுக்குப் புலனாகாத வழவழப்பான படலம் ஒன்று படியத் தொடங்குகிறது. விடியற்காலையில் நாவால் பல்லைத் தடவினால் அதனை உணரலாம். இது உணவுத் துணுக்கு அன்று. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று பற்றிக் கட்டிய குடியிருப்பு. தேய்த்தால் போய்விடும்; வெறுமனே கொப்பளித்தால் போகாது. ஈறின் ஓரத்திலும் பற்களின் இடுக்கிலும் நாள்தோறும் தப்பி நிற்கும் படலம், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்றுச் சில நாட்களில் கெட்டிப்பட்டுக் காரையாகிறது. காரையான பின் எந்தக் குச்சியாலும் பொடியாலும் அதனை அகற்ற முடியாது. அதன் சொரசொரப்பான முகத்தில் மேலும் படலம் சேர, நுண்ணுயிர்களின் நச்சு ஈறைத் தாக்குகிறது. உடல் தன் காவற்படையை அனுப்பிப் போரிடுகிறது. அப்போர் நீடிக்கும்போது போர்க்களமாகிய எலும்பே கரைகிறது. இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நடைபெறுகிறது என்பதுதான் இந்நோயின் கொடுமை. சொத்தைப் பல் தன் உடையவனை உறங்கவிடாமல் எழுப்பி மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். ஈறு நோயோ கடைசி வரையில் வாய் திறப்பதில்லை.

இரண்டு ஆராய்ச்சிகள்

படலமே நோய்க்குக் காரணம் என்பது 1965-ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. டென்மார்க் நாட்டின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஓர் எளிய சோதனை நடத்தினர். நலமான ஈறுடைய 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினர். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிற்று. மருந்து ஏதும் தரப்படவில்லை.

அடுத்த ஆராய்ச்சி நமக்கு இன்னும் நெருங்கியது. துலக்காமலே பல ஆண்டுகள் விட்டால் என்ன நேரும் என்பதை அறிய விரும்பிய அதே அறிஞர், 1970-இல் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார். அங்கே டன்சினேன், ஹாரோ என்னும் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் 480 பேரை அவர் குழுவினர் பரிசோதித்தனர். பதினான்கு முதல் முப்பத்தொரு வயது வரையிலான ஆண்கள் அவர்கள். தமிழகத்திலிருந்து தேயிலைக்காகக் கடல் கடந்து சென்றவர்களின் வழித்தோன்றல்களாகிய அவர்களுக்குப் பல் வைத்தியமோ பிரஷ்ஷோ அதுவரை எட்டியிருக்கவில்லை. 1985 வரை, பதினைந்து ஆண்டுக்காலம், அவ்வாய்கள் திரும்பத் திரும்ப அளக்கப்பட்டன.

அவர்களுக்குச் சொத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆகவே விழுந்த பற்கள் ஏறக்குறைய எல்லாமே ஈறு நோயால் விழுந்தவை. நூற்றுக்கு எட்டுப் பேரை நோய் விரைந்து அரித்தது. அவர்கள் இருபது வயதிலேயே பல் இழக்கத் தொடங்கி, முப்பத்தைந்தில் 12 பற்களையும் நாற்பதில் 20 பற்களையும் இழந்து, நாற்பத்தைந்தில் பல்லே இல்லாதவராயினர். நூற்றுக்கு எண்பத்தொருவருக்கு நோய் நடுத்தரமான வேகத்தில் நடந்தது. நாற்பத்தைந்து வயதில் அவர்கள் சராசரி 7 பற்களை இழந்திருந்தனர். எஞ்சிய பதினொரு பேருக்கோ, வாய் முழுதும் படலமும் காரையும் நிறைந்திருந்தும், ஈறு சிவந்ததற்கு மேல் ஒன்றும் நேரவில்லை.

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்று படிக்கும் பாடத்தில் ஒரு பெரும்பகுதி நம்மவரின் வாயிலிருந்து கற்கப்பட்டது. அதனை அறிந்து நாம் பெருமைப்படுவதா, வருந்துவதா என்று தெரியவில்லை. பாடம் மட்டும் தெளிவானது. “என் தாத்தா செங்கல் பொடியில்தான் துலக்கினார், எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்” என்று நம்மிடம் கூறாத ஊர் இல்லை. அந்தத் தாத்தா நூற்றுக்குப் பதினொரு பேரில் ஒருவர். அவருடைய பேரனும் அப்பதினொரு பேரில் ஒருவனா என்பதை எலும்பு கரைந்த பின்னரே அறிய முடியும். நம் நாட்டில் 2002-03-இல் நடைபெற்ற தேசிய வாய்நலக் கணக்கெடுப்பிலும், 35 முதல் 44 வயது வரையிலானோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஈறு நோயின் ஏதேனும் ஓர் அறிகுறி காணப்பட்டது.

தறியும் புகையிலையும்

குழித்தறியில் அமர்ந்தவருக்குக் கால்கள் மிதியிலும் கைகள் நாடாவிலும் பலகையிலும் ஓயாமல் இயங்குகின்றன. பட்டின்மீது பொறியோ சாம்பலோ படலாகாது. ஆகையால் பீடியைவிட, கன்னத்தில் அடக்கும் புகையிலையும் வெற்றிலைப் பாக்குமே தறிக்கு ஏற்றவையாக அமைந்துவிட்டன. சலிப்பைப் போக்கவும் பசியை மறக்கவும் அவை உதவுகின்றன என்று நெசவாளர் கூறுவதை நாம் அலட்சியம் செய்யவில்லை. நாளெல்லாம் ஒரே இடத்தில் அமர்ந்து இழை இழையாகச் சேலை நெய்பவரின் அலுப்பு, நாற்காலியில் இருப்போருக்கு எளிதில் விளங்காது. ஆயினும் அதன் விலையை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். புகையிலை அடக்கும் இடத்தில் ஈறு கீழிறங்கி வேர் வெளிப்படுகிறது. பாக்கும் சுண்ணாம்பும் மெல்வோரின் பற்களில் காரையும் கறையும் மிகுதியாகப் படிவதையும் காண்கிறோம்.

பீடி, சிகரெட் புகைப்போருக்கு வேறொரு வஞ்சனையும் உண்டு. புகையிலையின் நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அவர்களுடைய நோயுற்ற ஈறு குறைவாகவே கசிகிறது. நோயின் முதல் அறிவிப்பு இரத்தக் கசிவுதானே! அந்த அறிவிப்பே மறைக்கப்பட்டுவிட, புகைப்பவர் தம் ஈறு நலமாயிருப்பதாக நம்பிக்கொண்டு எலும்பை இழக்கிறார். சிகிச்சை செய்தாலும் அவருக்குப் பலன் குறைவு.

ஈறு நோயோடு ஒப்பிடவே இயலாத பேராபத்தும் இப்பழக்கத்தில் உண்டு. புகையிலை மட்டுமன்றிப் பாக்குமே புற்றுநோயை விளைவிக்கும் பொருள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவின் முடிவு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெண்மையான அல்லது சிவந்த திட்டு, வாய் வரவரத் திறக்க முடியாமற்போதல் ஆகியவற்றைக் கண்டால் ஈறு நோய் என்று எண்ணிப் பொடி தடவிக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீரிழிவோடு உள்ள உறவு

முன்னாளில் செல்வர் நோய் எனப்பட்ட நீரிழிவு இன்று நெசவாளர் தெருவிலும் குடிபுகுந்துவிட்டது. உட்கார்ந்தே செய்யும் தொழிலும் அதற்குத் துணை. 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பரிசோதித்தபோதுதான் தமக்குச் சர்க்கரை இருப்பதை அறிந்தோர் பலர். இவர்களுக்கு ஒரு செய்தி மிக முக்கியமானது: கட்டுப்படாத சர்க்கரை, ஈறு நோய் வரும் வாய்ப்பைச் சுமார் மூன்று மடங்கு ஆக்குகிறது. அதுபோலவே, தீராத ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுக்கு அடங்காமல் செய்கிறது. ஈறுக்கு முறையான சிகிச்சை செய்தபின், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அளவு சிறிதேனும் இறங்குவதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மாத்திரை உண்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று வருந்துவோர் தம் வாயையும் ஒருமுறை காட்டிக்கொள்வது நலம். அன்றியும், கடைவாய்ப் பற்களை இழந்தவர் கீரைத்தண்டும் கொட்டைகளும் பச்சைக் காய்களும் மெல்ல இயலாமல் குழைந்த சோற்றையும் இட்டிலியையுமே நாடுகிறார். நீரிழிவுக்காரருக்கு ஆகாத உணவு எதுவோ, அதுவே பல்லிழந்தவருக்கு எளிய உணவாகிவிடுகிறது.

கருவுற்ற பெண்களுக்கும் ஈறு வீங்கி இரத்தம் கசிவதுண்டு. உடலில் சுரக்கும் நீர்களின் மாறுதலால் படலத்தின் தாக்கம் மிகுவதே காரணம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். பல் சுத்தம் செய்துகொள்வதற்குக் கருப்பம் தடையன்று. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம்.

சிகிச்சையும் அதைப் பற்றிய அச்சமும்

துலக்கும்போது இரத்தம் வந்தால் நம் மக்கள் முதலில் செய்வது, அவ்விடத்தில் துலக்குவதை நிறுத்துவது. இதைவிடத் தவறான காரியம் வேறில்லை. துலக்காத இடத்தில் படலம் பெருகி, கசிவும் பெருகுகிறது. இரத்தம் வரும் இடத்தையே மென்மையான பிரஷ்ஷால் கூடுதல் கவனத்துடன் துலக்க வேண்டும். முதற்படியில் உள்ள நோயாயின் ஒன்றிரண்டு வாரத்தில் கசிவு நின்றுவிடும். நிற்காவிடில் உள்ளே காரை இருக்கிறது என்று பொருள்.

காரையை அகற்றுவதற்கு மருத்துவர்கள் நீரைத் தெளித்துக்கொண்டே நுண்ணிய அதிர்வால் அதனை உதிர்க்கும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். பை ஆழமாக இருப்பின் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரின் மேல் படிந்ததையும் சுரண்டி எடுப்பார்கள். அதற்கும் அடங்காத பைகளுக்கு ஈறைச் சற்று விலக்கிச் செய்யும் சிறு அறுவை முறை உண்டு. மிகவும் ஆடும் பல்லை அண்டைப் பற்களோடு பிணைத்து நிறுத்துவதும் உண்டு.

“காரை எடுத்தால் பல் ஆடிவிடும்” என்ற அச்சம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. அதில் ஒரு துளி உண்மையும் இருப்பதால்தான் அது அழியவில்லை. எலும்பு கரைந்துபோன பற்களைக் காரையே சிமெண்டு போல ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். அதனை எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. வீக்கம் வடிவதால் பற்களுக்கு இடையே சந்து தெரிகிறது; சில நாட்கள் குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. இவையாவும் நோய் செய்து வைத்த சேதம்; கருவி செய்ததன்று. தறிக்காலைச் சுற்றிக் குவிந்த குப்பையை அகற்றினால் கால் ஆடுவது தெரிகிறது என்பதற்காகக் குப்பையை அங்கேயே விட்டுவைப்பார் உண்டோ? ஈறு இறுகிய பின் ஆட்டம் ஓரளவு குறைவதும் உண்டு. மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடும் என்பது முற்றிலும் ஆதாரமற்றது.

கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். வலி மாத்திரை வலியை மறைக்கும். கிருமிக்கொல்லி மாத்திரை வீக்கத்தைச் சில நாள் அடக்கும். காரை இருந்த இடத்திலேயே இருப்பதால் நோய் மீண்டும் எழும். உப்பு நீர் கொப்பளிப்பது இதந்தரும். கிராம்புத் தைலம் வலியை மட்டுப்படுத்தும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் தீங்கில்லை. இவற்றில் எதுவும் காரையைக் கரைப்பதில்லை. முகம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

எவ்வாறு காத்துக்கொள்வது?

செங்கல் பொடி, கரித்தூள், மணல், சாம்பல் ஆகியவை பல்லைத் தேய்த்துக் கூச்சத்தை உண்டாக்குகின்றன, ஈறையும் கீறுகின்றன. ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி ஆகியவற்றை நாம் இகழ மாட்டோம். நுனியை நன்றாக மென்று மென்மையாக்கிப் பொறுமையுடன் ஒவ்வொரு பல்லாகத் துலக்குபவருக்குக் குச்சியும் பயன்படும். ஆனால் நடைமுறையில் முன்பற்களின் வெளிப்புறத்தோடு குச்சியின் வேலை முடிந்துவிடுகிறது. கடைவாயின் உட்புறத்தை அது எட்டுவதில்லை. ஆகையால் மென்மையான பிரஷ்ஷும் புளோரைடு கலந்த பற்பசையுமே சிறந்தவை. பிரஷ்ஷின் நாரை ஈறின் ஓரத்தில் சாய்வாக வைத்து, சிறு அசைவாக, இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். அழுத்தித் தேய்ப்பது பாத்திரத்துக்குப் பொருந்தும், பல்லுக்குப் பொருந்தாது. காலையில் துலக்குவது நம் மரபு. இரவில் துலக்குவது மரபில் இல்லை. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் நுண்ணுயிர்களுக்கு இரவே உகந்த காலம் என்பதை எண்ணினால், இரண்டில் இரவுத் துலக்கலே மேலானது. நார் விரிந்துபோன பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குடும்பம் முழுவதற்கும் ஒரே பிரஷ் என்னும் சிக்கனம் வேண்டா.

பற்களின் இடுக்கைப் பிரஷ் எட்டாது. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்கும் இடமோ அதுவே. இதற்கென மேனாட்டார் நூலைப் பயன்படுத்துகின்றனர் என்றால் நம் நெசவாளர் நகைக்கக்கூடும். அது எந்த நூல் என்று அறிந்தால் வியப்பர். 1819-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி, மெழுகு பூசிய பட்டு இழையைப் பல்லிடுக்கில் செலுத்தித் துடைக்கும்படி தம் புத்தகத்தில் எழுதினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நைலான் வரும் வரையில் பல்லிடுக்கு நூல் பட்டு நூலாகவே இருந்தது. இதைக் கேட்டு, தறியில் மிஞ்சிய சாய நூலையோ சரிகையையோ எடுத்துப் பல்லிடுக்கில் விடலாகாது. அவற்றில் சாயம் உண்டு. சரிகை ஈறை அறுக்கும். மருந்துக் கடையில் இதற்கென்றே விற்கும் நூலை வாங்குவதே முறை. இடைவெளி விழுந்த பற்களுக்கு நூலைவிட, இடுக்கில் நுழையும் மிகச் சிறிய பிரஷ் பொருத்தமானது. இழையைப் பல்லால் கடித்து அறுக்கும் வழக்கத்தையும் இத்துடன் விட்டுவிடலாம். அது ஈறு நோய்க்குக் காரணமன்று என்றாலும் முன்பல்லின் நுனியில் பள்ளம் விழச் செய்கிறது.

சிகிச்சை பெற்றவர்கள் அத்தோடு முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. எலும்பு கரைந்தவர்கள் முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு மருத்துவர் கூறும் கால இடைவெளியிலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஈறு மட்டும் வீங்கியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலும், மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் மருத்துவர்கள் பணியாற்றுகின்றனர். எந்நாளில் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டறியலாம். ஒரு நாள் வேலை கெடுமே என்று தயங்கும் நெசவாளர்கள், ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கப்படும் வரையில் தறி சும்மா இருக்கும் நாளை இதற்கென ஒதுக்கிக்கொள்ளலாம். வீட்டில் நாற்பது வயதைக் கடந்தவர்களையும் நீரிழிவு உள்ளவர்களையும் அன்றே உடன் அழைத்துச் செல்வது வசதி.